ஏலத்தில் எகிறும் பழைய பைக் உதிரிபாகங்கள்: எதற்கு எவ்வளவு கொடுக்கலாம்?

கேள்வி: என்னிடம் 1955-ஆம் ஆண்டு பிஎஸ்ஏ பி31 (350 சிசி பிரிட்டிஷ் பைக்) வண்டி ஒன்று இருக்கிறது. முழுதாகப் பிரித்து, ஒவ்வொன்றாகச் சரிசெய்து வருகிறேன். கார்புரேட்டர், மேக்டைனோ (ஸ்பார்க் தரும் மேக்னெட்டோவும் விளக்குக்கு மின்சாரம் தரும் டைனமோவும் சேர்ந்த கருவி), ஸ்பீடோமீட்டர் மூன்றும் வாங்க வேண்டும். ஆன்லைன் ஏலத்தில் ஒவ்வொரு முறையும் நான் நினைத்த விலையைத் தாண்டிப் போய்விடுகிறது. காத்திருந்தால் இறங்குமா, இல்லை, இன்னும் ஏறுவதற்குள் கிடைத்ததை வாங்கிவிட வேண்டுமா?

பதில்: மூன்றுக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. ஒரு பொருளுக்கு ஏலம் கேட்பதற்கு முன் முதலில் பார்க்க வேண்டியது, அதை இன்றைக்கு யாராவது புதிதாகச் செய்கிறார்களா என்பதுதான். செய்கிறார்கள் என்றால், அந்தப் புதுப்பொருளின் விலைக்கு மேல் பழையதற்குக் கொடுக்க உங்களுக்கு எந்தக் காரணமும் இல்லை. யாரும் செய்யவில்லை என்றால் விலை இறங்கும் என்று காத்திருப்பதில் பெரிய பயனில்லை.

கார்புரேட்டர் முதல் வகை. உங்கள் வண்டிக்குரியது ஆமல் மோனோபிளாக். அதை இங்கிலாந்தில் பர்லன் நிறுவனம் இன்றும் புதிதாகத் தயாரிக்கிறது. அப்படியிருந்தும் ஏலத்தில் அழுக்கேறிய பழையது புதியதன் விலையை நெருங்குவதைப் பார்க்கலாம். பழையதன் உடல் துத்தநாகக் கலவையில் வார்த்தது. உள்ளே காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடு ஏறி இறங்கி உள்சுவர் தேய்ந்துபோயிருக்கும். புது ஸ்லைடு மட்டும் போட்டால் ஐட்லிங் சீராக இருக்காது. போதாததற்கு, யாரோ ஒருவர் எப்போதோ போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கியதில், இன்ஜினோடு பொருத்தும் விளிம்பான ஃபிளாஞ்ச் வளைந்திருக்கும். என் யோசனை, புதியதையே வாங்குங்கள். பழைய உடலில் 376 என்று தொடங்கி, சாய்கோட்டுக்குப் பின் இன்னொரு எண் பொறித்திருக்கும். அந்த இரண்டாவது எண்தான் எந்த வண்டிக்கான அமைப்பு என்பதைச் சொல்லும். உங்கள் வண்டிக்கு எது என்று பார்த்து அதையே கேளுங்கள்.

மேக்டைனோ அப்படியல்ல. இங்கேதான் பலர் பணத்தை இழக்கிறார்கள். விளம்பரத்தில் ‘ஸ்பார்க் நன்றாக வருகிறது’ என்று எழுதியிருப்பார்கள். கையால் சுற்றி வீடியோவும் போட்டிருப்பார்கள். அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. குளிர்ந்த நிலையில் ஸ்பார்க் வரும். வண்டி ஓடிச் சூடேறியதும் பழைய கண்டன்சரில் மின்கசிவு தொடங்கும். காயில் மேல் காப்புக்காகப் பூசிய ஷெல்லாக் என்ற அரக்கு இளகி ஒட்டும். நிறுத்திவிட்டு மறுபடி கிக் செய்தால் கிளம்பாது. ஆக, ஏலத்தில் வரும் எந்த மேக்டைனோவையும், ரீவைண்ட் செய்த (காயிலுக்குப் புதிதாகக் கம்பி சுற்றிய) ரசீது இல்லாவிட்டால், செத்த காயில் உள்ளதாகவே கணக்குப் போடுங்கள். முழுதாகச் சரிசெய்து உத்தரவாதத்தோடு விற்கும் பட்டறையின் விலையை முதலில் விசாரியுங்கள். அதிலிருந்து ரீவைண்டிங், கண்டன்சர், பேரிங், மேக்னட்டுக்குக் காந்தமேற்றும் கூலி, போக்குவரத்து, சுங்கவரி எல்லாவற்றையும் கழியுங்கள். மிஞ்சுவதுதான் நீங்கள் கேட்கக்கூடிய உச்சத்தொகை. பல நேரம் அது வியக்கும் அளவுக்குச் சிறிய தொகையாக இருக்கும். கழற்றிப் போட்ட உங்கள் பழைய மேக்டைனோ கைவசம் இருந்தால் ஏலத்தையே மறந்துவிட்டு அதைப் பட்டறைக்கு அனுப்புங்கள்.

ஸ்பீடோமீட்டர் ஸ்மித்ஸ் கிரோனோமெட்ரிக். உள்ளே கடிகாரம் போன்ற பொறியமைப்பு. குறிப்பிட்ட இடைவெளிக்கு ஒருமுறை சுற்றுகளை எண்ணி முள்ளை நகர்த்தும், அதனால் முள் விட்டுவிட்டுத்தான் நகரும். அதைப் பழுது என்று நினைத்து நல்ல மீட்டரை ஒதுக்கிவிடாதீர்கள். முகப்பில் எஸ் என்று தொடங்கும் குறியீட்டைப் படம்பிடித்து அனுப்பச் சொல்லி, உங்கள் வண்டியின் பற்சக்கர விகிதத்துக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாவிட்டாலும் மீட்டர் பழுதுபார்ப்பவர்களால் மாற்ற முடியும். அந்தச் செலவையும் உச்சத்தொகையில் கழியுங்கள். மணிக்கு 120 மைல் வரை காட்டும் முகப்புக்கு எப்போதும் அடிதடி. 350 சிசி வண்டிக்கு அது தேவையே இல்லை.

அந்த அடிதடிக்குக் காரணம் உங்கள் வண்டியின் பிரபலமான உறவுக்கார வண்டி, கோல்டு ஸ்டார். 1963-இல் அதன் உற்பத்தி நின்றது. அசல் வண்டிகள் குறைவு, ஆசைப்படுகிறவர்கள் அதிகம். பி31, பி33 வண்டிகளின் ஃபிரேமையும் கியர்பாக்ஸையும் வைத்தே கோல்டு ஸ்டார் தோற்றத்தில் வண்டி கட்டுகிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். 190 மி.மீ. முன்பிரேக் ஒன்று ஏலத்துக்கு வந்தால் எல்லோரும் பாய்வது இதற்காகத்தான். சாதாரண பி31 உதிரிபாகத்துக்கும் தலைப்பில் ‘கோல்டு ஸ்டார்’ என்று சேர்த்துவிட்டால் விலை ஏறுகிறது. அதனால் பெயரை வைத்துத் தேடாதீர்கள், எண்ணை வைத்துத் தேடுங்கள். பிஎஸ்ஏ உதிரிபாகப் புத்தகத்தில் எண்கள் 42, 65, 67 என்ற முன்னொட்டுகளோடு வரும். எந்த மாடலுக்காக அந்தப் பாகம் முதலில் வரையப்பட்டது என்பதையே அது காட்டும். அதே பாகம் இரட்டை சிலிண்டர் ஏ7, ஏ10 வண்டிகளிலும் இருந்தால் அந்தப் பெயரில் பாதி விலைக்குக் கிடக்கலாம்.

ஏலம் கேட்கும் முறைக்கு வருவோம். ஈபே போன்ற தளங்களில் உங்கள் உச்சத்தொகையைப் போட்டுவிட்டால் தளமே உங்களுக்காகப் படிப்படியாகக் கேட்கும். ஜெயித்தால் நீங்கள் கொடுப்பது, இரண்டாவதாக வந்தவர் கேட்டதைவிட ஒரு படி அதிகம். இதற்கு நெருக்கமான ஏல முறையைப் பொருளாதார அறிஞர் வில்லியம் விக்ரி 1961-இல் ஆராய்ந்தார். பின்னால் நோபல் பரிசும் பெற்றார். அவர் காட்டியது, இப்படிப்பட்ட ஏலத்தில் உங்களுக்கு அது எவ்வளவு மதிப்போ அதை ஒரே தடவையில் கேட்டுவிடுவதே நல்லது என்பது. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக் கேட்கும்போதுதான் எதிராளியின் சூடு நம்மையும் தொற்றுகிறது. கடைசி சில நொடிகளில் உங்கள் உச்சத்தொகையை ஒரே தடவையாகக் கேட்டுவிட்டு எழுந்துவிடுங்கள். இறுதி விலையைத் தீர்மானிக்க இரண்டு பேர் அடம்பிடித்தால் போதும். அந்த ஒரு ஏலத்தை வைத்துச் சந்தை விலை ஏறிவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். விற்காமல் மாதக்கணக்கில் கிடக்கும் ‘கேட்கும் விலை’களையும் நம்பாதீர்கள். முடிந்துபோன ஏலங்களில் உண்மையில் விற்ற விலைகளை மட்டும் எடுத்து, அவற்றின் நடுவிலையைப் பாருங்கள்.

அப்புறம், பேரிங்கும் ஆயில் சீலும். ‘விண்டேஜ் பைக் பேரிங்’ என்று தனி விலை வைத்து விற்பார்கள். விரலால் துடைத்துவிட்டு விளிம்பில் உள்ள எண்ணைப் படியுங்கள். 6205 என்று இருந்தால் அது எந்த நாட்டிலும் 25 மி.மீ. உள்விட்டம், 52 வெளிவிட்டம், 15 அகலம்தான். தொழிற்சாலைகளுக்கு பேரிங் விற்கும் கடையிலேயே கிடைக்கும். பிரிட்டிஷ் வண்டிகளில் அங்குல அளவு பேரிங்குகளும் உண்டு. அவற்றுக்கும் அளவெடுத்து எண் கண்டுபிடிக்க முடியும்.

கடைசியாக, இப்போதே வாங்கி வைப்பது பற்றி. ரப்பர் பொருள்களையும் கண்டன்சரையும் ‘பழைய புதுச்சரக்கு’ (அந்தக் காலத்தில் செய்து, பயன்படுத்தாமல் கிடந்தது) என்று பெட்டியோடு விற்றாலும் வாங்காதீர்கள்; பெட்டிக்குள்ளேயே அவற்றுக்கு வயதாகியிருக்கும். பிஸ்டன், ரிங், கேஸ்கெட் அவசரமில்லை, மறுபடி மறுபடி செய்யப்படுகின்றன. கவாசாகி தன் 1970-களின் இசட்1 (Z1) வண்டிக்கு சிலிண்டர் ஹெட்டையே மறுபடி வார்த்து விற்றது. அப்படி ஒரு அறிவிப்பு வந்தால் பதுக்கி வைத்த பழைய சரக்கின் மதிப்பு என்னவாகும் என்று நினைத்துப் பாருங்கள். நீங்கள் இப்போதே கண்வைத்து வாங்க வேண்டியவை, மறுபடி எளிதில் செய்யப்படாதவை: விரிசலில்லாத கியர்பாக்ஸ் கூடு, உங்கள் ஆண்டுக்குரிய சக்கர ஹப், உங்கள் விகிதத்துக்குரிய மீட்டர். இன்ஜினின் அடிக்கூடான கிராங்க்கேஸ் வாங்க நேர்ந்தால் இன்ஜின் எண் பொறித்த இடத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எண்ணை ராவி அழித்த தடம் தெரிந்தால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். பின்னால் அந்த வண்டியைப் பதிவு செய்வதும் விற்பதும் பெரிய தலைவலி.