45-70 லீவர் துப்பாக்கி தோளை உடைத்துவிடுமா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் முப்பது ஆண்டு வேலை செய்தவன் நான். காட்டுப்பன்றி விரட்டுவதற்காக, உரிமத்தோடு 12 போர் ஒற்றைக்குழல் துப்பாக்கி பல ஆண்டு வைத்திருந்தேன். நியூசிலாந்தில் பண்ணையில் வேலை செய்யும் தங்கை கணவரைப் பார்க்க அடுத்த மாதம் போகிறேன். அவரிடம் 45-70 தோட்டா போடும் மார்லின் லீவர் துப்பாக்கி (அடியிலுள்ள இரும்பு வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றும் வகை) இருக்கிறது. "மச்சான், இது உங்கள் தோளைக் கழற்றிவிடும்" என்கிறார். குலை வெட்டிய காலத்திலிருந்தே எனக்கு வலது தோளில் வலி உண்டு. அது உண்மையில் எவ்வளவு உதைக்கும்? நான் சுடலாமா?

பதில்: உங்கள் பழைய ஒற்றைக்குழலின் உதையைத் தாங்கியவர் என்றால், சாதாரண 45-70 தோட்டாவையும் தாங்குவீர்கள். "சாதாரண" என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. துப்பாக்கியின் பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள். தோட்டாப் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள்.

முதலில் கணக்கு. பின்னுதைப்பு மூன்று விஷயங்களால் வருகிறது: குண்டின் எடையும் வேகமும், அதன் பின்னால் பீறிட்டு வெளியேறும் வெடிமருந்துப் புகை, துப்பாக்கியின் எடை. முதல் இரண்டும் கூடினால் உதை கூடும். மூன்றாவது கூடினால் உதை குறையும். அடியை மனத்தில் கொண்டுவர ஒரு வழி சொல்கிறேன். துப்பாக்கியையே மெத்தென்ற மண்ணில் நெட்டுக்குத்தாக, கட்டை (தோளில் பதிக்கும் பின்பகுதி) கீழே இருக்கும்படி விழவிடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தால் அதே விசை வரும்?

ஏறத்தாழ 3.2 கிலோ எடையுள்ள லீவர் துப்பாக்கியில் மான் வேட்டைக்கான பழைய 30-30 தோட்டாவைச் சுட்டால் உதையின் ஆற்றல் சுமார் 14 ஜூல். அது முழங்கால் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அதே எடைத் துப்பாக்கியில் 26 கிராம் ஈயக்குண்டை நொடிக்கு 405 மீட்டர் வேகத்தில் தள்ளும் சாதாரண 45-70 சுமார் 28 ஜூல் தரும். இது இடுப்பு உயரம். அதே குண்டை 550 மீட்டர் வேகத்துக்கு ஏற்றிய கனத்த தோட்டா 50 ஜூலைத் தாண்டிவிடும். ஆள் உயரத்திலிருந்து துப்பாக்கி விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இனி உங்கள் ஒற்றைக்குழலுக்கு வருவோம். அது 2.7 கிலோ இருந்து, 32 கிராம் ரவைத் தோட்டா போட்டிருந்தால் கிட்டத்தட்ட 39 ஜூல். சாதாரண 45-70ஐவிடப் பலமாக உதைக்கும் துப்பாக்கியைத்தான் இத்தனை ஆண்டு தோளில் வைத்திருக்கிறீர்கள். தோட்டத்துக்காரர்கள் பலர் இதை நம்ப மறுப்பார்கள். ரைபிள் என்றாலே பெரிது, ரவைத் துப்பாக்கி என்றால் சிறிது என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது.

ஒரே தோட்டாவுக்குள் இத்தனை வேறுபாடு வரக் காரணம் அதன் வயது. 45-70 என்பது 1873இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட தோட்டா. 45 என்பது அங்குலத்தில் நூறில் 45 பங்கு குழல் விட்டம். 70 என்பது 70 கிரெய்ன், அதாவது சுமார் 4.5 கிராம் கறுப்பு வெடிமருந்து. பிறகு 1881 மார்லினும், ஜான் பிரௌனிங் வடிவமைத்த 1886 வின்செஸ்டரும் அதை லீவர் துப்பாக்கிக்குக் கொண்டுவந்தன. அந்தக் காலத்துப் பலவீனமான ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கிகள் இன்றும் பலரிடம் இருப்பதால், தொழிற்சாலைகள் வழக்கமான தோட்டாவை மென்மையாகவே நிரப்புகின்றன. இன்றைய மார்லின் போன்றவற்றுக்கு மட்டும் என்று எச்சரிக்கை அச்சிட்ட கனத்த தோட்டாக்களும் கிடைக்கின்றன. மூன்றாவதாக, மிக வலுவான ஒற்றைத் தோட்டா ரைபிள்களுக்கென்றே சிலர் வீட்டில் நிரப்புவது உண்டு. அவற்றை லீவர் துப்பாக்கியில் போடவே கூடாது. அங்கே ஆபத்து தோளுக்கு மட்டும் அல்ல, முகத்துக்கும் உயிருக்கும். உங்கள் மாப்பிள்ளை சொந்தமாக மருந்து நிரப்புகிறவரா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

ஜூல் கணக்கு ஒன்றாக இருந்தாலும் அடி ஒன்றாக இருப்பதில்லை. கட்டையின் வடிவம் பெரிய வேலை செய்கிறது. பழைய லீவர் துப்பாக்கிகளில் அடிப்பகுதி பிறைபோல் வளைந்து இரும்புத் தகடு அடித்திருக்கும். அதன் இரு முனையும் சதைக்குள் இறங்கும். அகன்ற ரப்பர் மெத்தை உள்ள இன்றைய கட்டை அதே விசையைப் பரப்பி, சற்று நீட்டித் தருகிறது. கட்டை மிகவும் கீழ்நோக்கிச் சரிந்திருந்தால் குழல் மேலே எகிறிக் கன்னத்தில் அறையும். லீவர் வளையத்துக்கென்றே ஒரு கோளாறும் உண்டு: துப்பாக்கி பின்னால் வரும்போது வளையத்தின் இரும்பு நடுவிரல் கணுவில் மோதும். தோளைவிட அந்த விரல்தான் பலருக்கு முதலில் வீங்கும். மெல்லிய தோல் கையுறை போதும். கைப்பிடியில் வளைவில்லாத நேர்க்கட்டையாக இருந்தால் கட்டைவிரலை மேலே சுற்றிப் போடாமல் பக்கவாட்டில் வையுங்கள். இல்லாவிட்டால் அது மூக்கில் இடிக்கும். குறிபார்க்கும் தொலைநோக்கி பொருத்தியிருந்தால் கண்ணுக்கும் அதற்கும் 9 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். புருவம் கிழிந்து இரத்தம் வழிய நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிடிக்கும் விதத்துக்கு வருகிறேன். உதைக்கிற மாட்டுக்கு ஒட்டி நின்றால் அடி தள்ளுவதோடு நிற்கும், ஓரடி தள்ளி நின்றால் எலும்பு விரிசல் விடும் என்பது மாடு கறந்தவர்களுக்குத் தெரியும். துப்பாக்கியும் அப்படித்தான். பயந்துபோய்க் கட்டையைத் தோளிலிருந்து அரை அங்குலம் விலக்கிப் பிடிப்பதுதான் மிகப் பெரிய தவறு. காறை எலும்புக்குக் கீழே, தோள் மூட்டுக்கு உள்பக்கமாக ஒரு சதைக்குழி இருக்கிறது. அதில் கட்டையை நன்றாகப் பதியுங்கள். புஜத்தின் மேல் வைக்காதீர்கள். இடது கால் முன்னே, உடல் சற்று முன்னே சாய்ந்து, நின்றபடி சுடுங்கள். நிற்கும்போது உடம்பு பின்னால் ஆடி விசையை வாங்கிக்கொள்ளும். மேசையில் குனிந்து உட்கார்ந்தாலோ, படுத்தாலோ உடம்புக்கு நகர இடமில்லை, தோள் மட்டும் வாங்கும். குறிசரிபார்க்க மேசை தேவைப்பட்டால், கட்டைக்கும் தோளுக்கும் நடுவே சிறிய மணல் பை வையுங்கள்.

காதடைப்பான் இல்லாமல் ஒரு தோட்டாவும் வேண்டாம். உதைக்குப் பயந்து உடம்பு கூசுவதாக நினைக்கிறோம். பாதி நேரம் அது சத்தத்துக்குத்தான் கூசுகிறது. அந்தக் கூச்சம் இருக்கிறதா என்று பார்க்க, மருந்தில்லாப் போலித் தோட்டா ஒன்றை உங்களுக்குத் தெரியாமல் இடையில் போடச் சொல்லுங்கள். விசையை இழுக்கும்போது குழல் முனை தாழ்ந்தால் கூச்சம் இருக்கிறது என்று பொருள். அன்றைக்கு நிறுத்திவிட்டு, மறுநாள் 30-30 போன்ற சிறிய துப்பாக்கியில் தொடங்குங்கள்.

உங்கள் தோள்வலியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நீண்ட கழியில் அரிவாள் கட்டி, தலைக்கு மேல் கை தூக்கியே உழைத்த தோள் அது. கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது இப்போதும் குத்துகிறதா? இரவில் அந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் கலைகிறதா? அப்படியென்றால் புறப்படும் முன் மருத்துவரிடம் காட்டுங்கள், அவர் சரி என்று சொல்லும் வரை சுட வேண்டாம். தசைநார் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தாலும் அதேதான். வலி அடங்கியிருந்து அவரும் சம்மதித்தால், சாதாரண தோட்டாவில் முதல் நாள் ஐந்து. அதற்கு மேல் வேண்டாம். கனத்த தோட்டாவை உங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பக்கத்தில் வரும் பன்றிக்குச் சாதாரண தோட்டாவே தாராளம்.

நியூசிலாந்தில் உரிமம் உள்ளவர் உடனிருந்து நேரடியாகக் கண்காணித்தால் உரிமம் இல்லாத விருந்தினரும் சுடலாம். மாப்பிள்ளை உங்கள் பக்கத்தைவிட்டு அகலக் கூடாது. திரும்பும்போது சட்டைப் பை, கால்சட்டைப் பை, முதுகுப் பை மூன்றையும் உதறிப் பாருங்கள். உரிமமில்லாமல் ஒரே ஒரு தோட்டா வைத்திருந்தாலும் மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி குற்றம். நினைவாக வைத்துக்கொள்ள வெற்றுக்கூட்டைக்கூட எடுத்துவராதீர்கள்.