ஆறாவது இடம் யாருக்கு?

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியன் நான். எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் சிலர், அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில், செவ்வாய்க் கிரகத்தில் இருப்பதுபோலவே வாழ்ந்து பழகும் பயிற்சி நிலையத்துக்கு ஆறு பேர் கொண்ட குழுவாக விண்ணப்பிக்க விரும்புகிறார்கள். ஐவர் முடிவாகிவிட்டனர். ஆய்வாளர், செய்தியாளர் என்ற இரு பொறுப்பையும் சேர்த்து ஏற்கும் ஆறாவது இடத்துக்கு இரண்டு பெண்கள். ஒருவர் நுண்ணுயிரியல் முதுகலை. மற்றவர் கட்டுரைப் போட்டிகளில் பரிசு வாங்கியவர். யாரைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: ஐயா, சான்றிதழையும் கோப்பையையும் ஓரமாக வைத்துவிடுங்கள். நாள் முழுக்க உழைத்துக் களைத்த பிறகும், அன்று கண்டதை அன்றிரவே, கண்டபடியே எழுதி முடிப்பவர் யார்? அவருக்குத்தான் அந்த இடம்.

செவ்வாய்ப் பயண ஆர்வலர்களின் அமைப்பான மார்ஸ் சொசைட்டி நடத்தும் அந்த நிலையத்தில் குழுக்கள் பெரும்பாலும் இரண்டு வாரம் தங்குகின்றன. வெளியே போனால் பாவனை விண்வெளி உடை. மாலையில் ‘பூமி’யோடு, அதாவது வெளியில் இருக்கும் உதவிக் குழுவோடு, தொடர்புகொள்ளக் குறித்த நேரம் உண்டு. குழுத்தலைவர் அறிக்கை, வெளிநடை அறிக்கை, செய்தியாளர் அறிக்கை எல்லாம் அதற்குள் போயாக வேண்டும். மெய்யான செவ்வாயில் இது இன்னும் கடினம். ஒரு செய்தி பூமிக்கு வந்து சேரவே, தொலைவைப் பொறுத்து 3 முதல் 22 நிமிடம் ஆகும். ஏறத்தாழ 26 மாதங்களுக்கு ஒருமுறை சூரியன் குறுக்கே வரும்போது, சுமார் இரண்டு வாரம் தொடர்பை நம்பியிருக்க முடியாது. எதை எழுதலாம், எதை விடலாம் என்று யாரையும் கேட்க வழியில்லை.

ஆகவே இருவரையும் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துக்கு, நிர்வாகத்திடம் அனுமதி வாங்கி, அனுப்புங்கள். தடித்த கையுறையும் மோட்டார் சைக்கிள் தலைக்கவசமும் அணியட்டும். ஒரே ஒரு நிரை போதும். குலை பழுத்துவிட்டதா என்பதை மரத்தடியில் உதிர்ந்த பழங்களைப் பார்த்தே வெட்டுபவர் முடிவு செய்வார் என்பது உங்களுக்குத் தெரியும். அதையே இவர்கள் எண்ணட்டும்: எந்த மரம், எத்தனை உதிரிப் பழம், என்ன நேரம், முந்தைய இரவு மழை பெய்ததா. அன்று மாலைக்குள் 500 சொற்களில் அறிக்கை வர வேண்டும். மறுநாளும் அதே நிரை, அதே வேலை. இப்படி ஐந்து நாள்.

ஐந்தாம் நாள் அறிக்கையை முதல் நாள் அறிக்கையோடு வைத்துப் படியுங்கள். ‘பழங்கள் நிறையக் கிடந்தன’ என்று சுருங்கிவிட்டவர் வேண்டாம். ‘17 பழம், மூன்றை எலி கடித்திருந்தது, ஏழாம் மரத்தடியில் புல் மண்டியதால் எண்ண முடியவில்லை’ என்று எழுதியவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். எண்ணாததை எண்ணவில்லை என்று எழுதும் அந்த நேர்மை, ஆய்வுக்கும் செய்திக்கும் பொதுவான முதல் தகுதி.

ஐந்து நாள் எதற்கு என்று கேட்கலாம். மாஸ்கோவில் 2010-11இல் செவ்வாய்ப் பயணம் போவதுபோல் அறுவரை 520 நாள் அடைத்து வைத்து நடத்திய மார்ஸ்-500 சோதனையில், நாளாக ஆக அவர்களின் உடல் அசைவு குறைந்தது. பெரும்பாலோருக்கு உறக்கத்திலோ விழிப்புநிலையிலோ கோளாறு வந்தது. புதுமை தீர்ந்த பிறகு ஒருவர் எப்படி வேலை செய்கிறார் என்பதை இங்கேயே பார்த்துவிடுவது நல்லது.

இன்னொன்று, இதில் நான் மிகக் கண்டிப்பானவன். உங்கள் குழுவினர் எதை ஆய்வு செய்யப்போகிறார்கள் என்று கேளுங்கள். மண், நுண்ணுயிர், பசுமைக்குடில் என்றால் இரு பொறுப்பும் ஒருவரிடம் இருக்கலாம். சக குழுவினரின் மனநிலைதான் ஆய்வு என்றால் கூடவே கூடாது. ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று காலையில் வினாப்படிவம் நிரப்ப வைத்தவரே, இரவில் அந்த மனத்தாங்கலைச் செய்தியாக்கினால், மறுநாள் முதல் எவரும் உண்மை சொல்லமாட்டார்கள். அந்த நிலை வந்தால் செய்திப் பொறுப்பை வேறொருவரிடம் கொடுங்கள். யாருடைய பெயராவது வரும் வரியை அவரிடம் காட்டிய பிறகே அனுப்புவது என்று இப்போதே எழுதி வையுங்கள். ஆனால் பழுதான கருவியையோ தோற்றுப்போன சோதனையையோ மறைக்கச் சொல்லும் உரிமை குழுத்தலைவருக்கும் இல்லை.

நாசா ஹூஸ்டனில் நடத்தும் 378 நாள் செவ்வாய்ப் பயிற்சி அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. அதனால் யூட்டாவை நீங்கள் நாடியது சரி.

தேர்வு பெறாத பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். குளிர்காலத்தில் யூட்டாவில் இரவு 8 மணி என்றால் இங்கே மறுநாள் காலை 11. வந்து சேரும் அறிக்கையைத் தமிழில் எழுதி, பள்ளி முடிவதற்குள் பிள்ளைகளிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பை அவரிடம் கொடுங்கள்.