அவன் ஏன் அந்தத் தலைவருக்காக உயிரைக் கொடுக்கிறான்?

வணக்கம் நண்பரே. உங்கள் வூஷியா கதையில், அதாவது சீன வாள்வீரர் சாகசக் கதையில், தலைவர் ஏவியதையெல்லாம் செய்யும் வாள்வீரன், படிப்பவர்களுக்கு மரக்கட்டையாகத் தெரிகிறான் என்று எழுதியிருந்தீர்கள். சண்டைக் காட்சிகளைக் கூட்டினால் இது சரியாகாது. அவனுடைய விசுவாசத்துக்குக் காரணம் வேண்டும்.

சீன வரலாற்றாசிரியர் சீமா சியான் எழுதிய யூ ராங்கின் கதையைப் பாருங்கள். கி.மு. 453-இல் அவனுடைய தலைவர் ஜி போ கொல்லப்படுகிறார். கொன்றவரைப் பழிவாங்குவதற்காக, யாருக்கும் அடையாளம் தெரியாதபடி யூ ராங் உடம்பெல்லாம் அரக்குப் பூசிப் புண்ணாக்கிக்கொள்கிறான், கரியை விழுங்கிக் குரலை மாற்றுகிறான். இத்தனைக்கும் அவன் முன்பு வேலை பார்த்த இரண்டு குடும்பங்களை அழித்தவரே ஜி போதான்! அப்போது ஏன் பழிவாங்கவில்லை என்று கேட்கிறார்கள். அந்தக் குடும்பத்தார் என்னைச் சாதாரண ஆளாக நடத்தினார்கள், ஜி போ நாட்டின் தலைசிறந்த மனிதனாக நடத்தினார் என்கிறான். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

உங்கள் வீரனையும் தலைவர் அப்படி மதித்த ஒரு நாளைக் காட்டுங்கள். எல்லோரும் விரட்டியவனைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சோறு போட்டிருந்தாலே போதும். அப்புறம், அதே தலைவர் ஒரு அப்பாவியைக் கொல்லச் சொல்லட்டும். விசுவாசமும் சீனர்கள் 'யி' என்று சொல்லும் அறமும் அங்கேதான் மோதும். அந்தத் தயக்கத்தை அவசரப்படாமல் எழுதுங்கள்.