இலக்கியக் கேள்வி - பதில்: மீன் பார்த்த குருகு

குடியாத்தம் வாசகர்: குறுந்தொகை 25-ஆம் பாட்டு ‘யாரும் இல்லைத் தானே கள்வன்’ என்று தொடங்குகிறது. ஆனால் முடிவில் குருகு என்ற நீர்ப்பறவை ஒன்று அங்கே இருந்தது என்கிறாள் தலைவி. இது முரண் இல்லையா? ஓடும் நீரும் மீனும் இருக்க, வயல்நிலத் திணையான மருதம் என்னாமல் மலைநிலத் திணையான குறிஞ்சி என்பது ஏன்?

பதில்: முதலில் பாட்டோடு தந்திருக்கும் கூற்றை, அதாவது யார் யாரிடம் எப்போது சொன்னது என்ற குறிப்பை, பாருங்கள். பேசுபவள் தலைவி, கேட்பவள் தோழி. களவில், அதாவது மணத்துக்கு முன் மறைவில், கூடியவன் மணம் பேச வராமல் நாள் கடத்துகிறான். கூற்றுக் குறிப்பு பிற்காலத்தார் சேர்த்ததுதான். ஆனாலும் அதைத் தாண்டிப் போனால் கள்வன் யாரென்றே பிடிபடாது.

அடுத்து உரிப்பொருள், அதாவது கூடல், பிரிவு என்று பாட்டு பேசும் காதல் நிலை. கூடிய நாளைப் பற்றிய பேச்சு, ஆகவே குறிஞ்சி. நீரையும் பறவையையும் மட்டும் வைத்துத் திணை சொல்லும்போதுதான் பலரும் சறுக்குகிறார்கள். ‘எந்நில மருங்கிற் பூவும் புள்ளும்’ வேறு நிலத்தில் வந்தால், வந்த நிலத்துக்கே உரியவை ஆகும் என்று தொல்காப்பியம் வழிவிடுகிறது. பாட்டை எழுதிய கபிலரும் சும்மா விடவில்லை. குருகின் காலைத் தினைத்தாள் என்கிறார். தினை குறிஞ்சிப் பயிராயிற்றே!

முரணும் இல்லை. அவன் பொய் சொன்னால் மறுத்துப் பேச ஆளில்லை என்பதுதான் அவள் பயம். இருந்த ஒரே உயிரும் ஆரல் மீனைப் பார்த்ததே தவிர இவர்களைப் பார்க்கவில்லை. ஐந்தே அடியில் ஒரு வழக்கு முழுதும் இருக்கிறது. இதைப் போய் ‘இயற்கை வருணனை’ என்று விடைத்தாளில் எழுத வைக்கிறார்கள்.

காட்பாடி வாசகர்: திருப்பதி நமக்குப் பக்கம்தானே? அகநானூற்றில் வேங்கடம் ஏன் அவ்வளவு தொலைவாகத் தெரிகிறது?

பதில்: பேருந்துக் கணக்கு இங்கே உதவாது. ‘பனிபடு சோலை வேங்கடத்து உம்பர் மொழிபெயர் தேஎத்தர் ஆயினும்’ என்பது மாமூலனாரின் 211-ஆம் பாட்டு. பிரிந்து போனவன் மலையையும் தாண்டி, பேச்சே மாறும் நாட்டில் இருக்கிறான். வேங்கடத்தில் குளிர்ந்த சோலை இருந்தும் திணை, பிரிவுக்குரிய பாலை. இங்கும் உரிப்பொருள்தான் தீர்மானிக்கிறது. சோலை அல்ல, பிரிவு.

ஆம்பூர் வாசகர்: குறுந்தொகையை முதலில் பதிப்பித்தவர் நம் பகுதியில் இருந்தவரா?

பதில்: ஆம். வாணியம்பாடியில் தமிழாசிரியராக இருந்த சௌரிப்பெருமாள் அரங்கன் 1915-ல் உரையோடு பதிப்பித்தார். உ.வே.சா. பதிப்பு 1937-ல் வந்தது. எந்தப் பதிப்பானாலும் 307, 391 ஆகிய பாட்டுகளில் 9 அடி இருக்கும். குறுந்தொகைக்கு வரம்பு 4 முதல் 8 அடிதானே, அச்சுப்பிழையோ என்று அடித்துத் திருத்திவிடாதீர்கள்.