கெக் கண்ணாடியை அடுக்க நட்சத்திரம் எதுக்கு?

சார் வணக்கம். ஹவாய் மௌனா கியாவுல இருக்குற கெக் டெலஸ்கோப் பத்தி நீங்க எழுதுனதைப் படிச்சேன். அதோட பெரிய கண்ணாடி 36 சின்னக் கண்ணாடி சேர்ந்ததுன்றீங்க. அந்த 36 கண்ணாடியோட பிம்பமும் ஒன்னு மேல ஒன்னு விழுந்துட்டா வேலை முடிஞ்சுதே, அப்புறம் எதுக்கு நானோமீட்டர் கணக்குல நகர்த்துறாங்க? ஓரத்துல சென்சார் வேற இருக்குன்றீங்க, அப்ப நட்சத்திரத்தைப் பாத்து சரி பண்றது ஏன்?
- ரா., ஈரோடு

வணக்கம் ரா.,

பிம்பத்தை அடுக்கிட்டா 10 மீட்டர் கண்ணாடிக்கு உண்டான வெளிச்சம் கெடைச்சிடும், ஆனா கூர்மை ஒத்தை 1.8 மீட்டர் கண்ணாடியோடதுதான். பக்கத்து கண்ணாடி துளி மேல கீழ இருந்தாலும் ரெண்டுல இருந்தும் வர்ற அலை ஒத்துப்போகாது, அதுவும் ஒளி போய்த் திரும்புறதால அந்த உயர வித்தியாசம், அதாவது படி, ரெண்டு மடங்கா கணக்காகும். காத்துமண்டல கலக்கத்துல இது பெருசா தெரியாது, அடாப்டிவ் ஆப்டிக்ஸ் (வளையுற சின்னக் கண்ணாடியால காத்தோட கலக்கத்தை அப்பப்ப சரி பண்ற முறை) போட்டு கலக்கத்தை எடுத்ததும் பல்லைக் காட்டிடும்.

சென்சார் 168, கண்ணாடிக்கு மூணுன்னு தள்ளுற மோட்டார் 108, செகண்டுக்கு ரெண்டு தடவை சரி பண்ணுது, டெலஸ்கோப் சாயும்போது இரும்புச் சட்டம் வளையுறதையெல்லாம் இதுதான் சமாளிக்குது. ஆனா சென்சார் ரசமட்டம் மாதிரி இல்லீங்க, முன்னாடி வச்ச நெலையில இருந்து எவ்வளவு நகர்ந்துச்சுன்னு மட்டும்தான் சொல்லும், எது சமம்னு அதுக்குத் தெரியாது.

அதைச் சொல்றதுதான் நட்சத்திரம். கெக் கண்ணாடிகளை சமமாக்குற முறையை உருவாக்குன இயற்பியலாளர் கேரி சானன், அவரோட டீம் பண்ண கேமராவுல, ரெண்டு கண்ணாடி சேர்ற ஓரத்துக்கு மேல 12 சென்டிமீட்டர் வட்டம் விழுற மாதிரி ஒரு மறைப்பு வப்பாங்க, பாதி வெளிச்சம் இதுல இருந்து, பாதி அதுல இருந்து. வட்டம் சின்னதுங்கறதால காத்தோட தொந்தரவு கம்மி. படி இல்லேன்னா ஒத்தைப் புள்ளி, அலைநீளத்துல கால்வாசி படி இருந்தா புள்ளி ரெண்டா பிரியும். இங்கதான் ஒரு வில்லங்கம்: படி சரியா அரை அலைநீளம் இருந்தா பாதை வித்தியாசம் ஒரு முழு அலையாயிடும், புள்ளி மறுபடி ஒத்தையா, சமமா இருக்குற மாதிரியே தெரியும். ஒரே கலரை வச்சு இதைக் கண்டே பிடிக்க முடியாது. அதனால கொஞ்சம் அகலமான கலர் பட்டையை எடுத்துக்கிட்டு கண்ணாடியை படிப்படியா நகர்த்திப் பாக்குறாங்க, ஒவ்வொரு கலரும் வேற வேற இடத்துல ஏமாத்தும், எல்லாம் ஒத்துப்போற ஒரே இடம் படி பூஜ்யம் ஆகுற இடம். எனக்கு இந்த வேலையிலயே ரொம்பப் பிடிச்சது இதுதான்.

அந்த நெலையில சென்சார் காட்டுற நம்பரைக் குறிச்சுக்குவாங்க, அப்புறம் அதை வச்சே ஓட்டுறது. அலுமினியம் பூச ஒரு கண்ணாடியைக் கழட்டி வேற மாட்டுனா பழைய நம்பர் செல்லாது, திரும்ப நட்சத்திரத்தைத்தான் பாக்கணும்.