வியட்நாம் இ-விசா: கேள்விகளும் பதில்களும்

திருச்சியில் விமானப் பயணச்சீட்டு, விசா விண்ணப்பப் பணிகளில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருந்துவருகிறேன். வியட்நாம் செல்ல விரும்பும் உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

சேலம்: இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் வியட்நாமில் இறங்கியபின் விசா எடுத்துக்கொள்ளலாமா?

அந்த எண்ணத்தோடு விமான நிலையத்துக்குப் போகவேண்டாம். புறப்படும் முன்பே, இணையத்தில் விண்ணப்பித்துப் பெறும் இ-விசா கையில் இருக்கவேண்டும். 2023 ஆகஸ்டு 15 முதல் எல்லா நாட்டவருக்கும் வியட்நாம் அரசு 90 நாள் வரையிலான இ-விசா வழங்குகிறது. ஒருமுறை நுழைவதற்கு 25 டாலர், பலமுறை நுழைவதற்கு 50 டாலர். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலும் பணம் திரும்பாது. ‘இறங்கியதும் விசா’ என்று முகவர்கள் சொல்வதற்கும் அங்குள்ள ஒரு நிறுவனம் உங்களுக்காக முன்கூட்டியே பெற்ற ஒப்புதல் கடிதம் வேண்டும். வெறுங்கையோடு வருபவரை விமான நிறுவனம் ஏற்றிக்கொள்ளாது.

எல்லோருக்கும் ஓர் எச்சரிக்கை. அரசு இணையதளத்தின் முகவரி ஜி.ஓ.வி. புள்ளி வி.என். என்று முடியும். அப்படி முடியாத தளம் எவ்வளவு அரசாங்கத் தோற்றத்தில் இருந்தாலும் அது தனியாருடையது. உங்கள் பாஸ்போர்ட் நகலையும் கட்டணத்துக்கு மேல் பல மடங்கு பணத்தையும் அங்கே கொடுத்துவிடாதீர்கள்.

நாகர்கோவில்: மூன்று நாளில் விசா வந்துவிடும் என்கிறார்களே, பயணத்துக்கு ஐந்து நாள் முன்பு விண்ணப்பித்தால் போதுமா?

போதாது. அவர்கள் சொல்வது மூன்று வேலை நாட்கள். சனியும் ஞாயிறும் கணக்கில் வரா. வியட்நாமின் விடுமுறைகளும் வரா. சந்திரப் புத்தாண்டான தெத் ஜனவரி இறுதியிலோ பிப்ரவரியிலோ வரும். அப்போது அலுவலகங்கள் ஏறக்குறைய ஒரு வாரம் மூடியிருக்கும். 1975இல் போர் முடிந்த நாளான ஏப்ரல் 30உம் மே தினமும் அடுத்தடுத்து விடுமுறை. நம் பள்ளிகள் கோடை விடுமுறை விட்டதும் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் ஆண்டுதோறும் இந்த இரண்டு நாளில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். மூன்று வாரம் முன்பே விண்ணப்பியுங்கள்.

தஞ்சாவூர்: என் விண்ணப்பத்தில் படம் சரியில்லை என்று இரண்டு முறை திரும்பிவிட்டது. ஏன்?

தாங்கள் அனுப்பிய பாஸ்போர்ட் பக்கத்தைப் பார்த்தேன். மேசையில் விரித்து, குழல்விளக்குக்கு நேர் கீழே படமெடுத்திருக்கிறீர்கள். விளக்கின் வெள்ளைக் கோடு பிறந்த தேதியின் மேலேயே விழுந்திருக்கிறது. பக்கத்தைப் பிடித்திருக்கும் கட்டைவிரல் அடியிலுள்ள இரண்டு வரிகளின் தொடக்கத்தை மறைக்கிறது. எழுத்துகளும் அம்புக்குறிகளுமாக இருக்கும் அந்த வரிகளைத்தான் கருவி படிக்கிறது. பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்து, நான்கு மூலையும் தெரியும்படி எடுங்கள். முகப்படம் வெள்ளைப் பின்னணியில், கண்ணாடி அணியாமல், நேராகப் பார்த்தபடி இருக்கட்டும்.

மதுரை: என் மனைவியின் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் என்ற இடம் காலியாக உள்ளது, முத்துலட்சுமி என்ற ஒரே பெயர்தான். படிவத்தில் என் பெயரைக் குடும்பப்பெயராகப் போடலாமா?

போடக்கூடாது. பாஸ்போர்ட்டின் படப் பக்கத்தில் எது அச்சாகியிருக்கிறதோ அதையே, அதே வரிசையில், ஓர் எழுத்துக்கூட மாறாமல் எழுதுங்கள். அங்கே இல்லாததைப் படிவத்தில் சேர்ப்பது, அதிகாரியின் பார்வையில், வேறொருவருக்கு விசா வாங்குவதற்குச் சமம்.

சென்னை (மேற்கண்ட பதிலுக்கு மறுப்பு): தாங்கள் சொல்வது தவறு. எனக்கும் ஒற்றைப் பெயர்தான். தந்தை பெயர் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் இருப்பதால் அதைக் காட்டி மூன்று முறை துபாய் போய்வந்திருக்கிறேன்.

தங்கள் அனுபவம் உண்மையே. ஆனால் அது துபாய்க்கு உரியது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் கொண்டவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்து, பாஸ்போர்ட்டின் மற்றொரு பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப்பெயரோ இருந்தால் ஏற்போம் என்று பிறகு தெளிவுபடுத்தியது. அது அந்த நாடு தனக்காக வகுத்துக்கொண்ட சலுகை. வியட்நாமுக்கு அதை எடுத்துச்செல்ல முடியாது.

கோயம்புத்தூர்: ஆதார், வங்கி, பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றிலும் எனக்கு இனிஷியல் உண்டு. அந்த இனிஷியலையாவது சேர்க்கவேண்டாமா?

இந்த விவாதம் இன்று கேட்க வந்த மற்றவர்களையும் இழுத்துக்கொண்டுவிட்டது. எனவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நமக்குக் குடும்பப்பெயர் என்ற வழக்கம் பெரும்பாலும் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் இடுகிறோம். திருமணமானபின் சில பெண்கள் அதைக் கணவர் பெயரின் எழுத்தாக மாற்றிக்கொள்கிறார்கள். பாஸ்போர்ட் எடுக்கும்போது அந்த எழுத்தை விரித்து எழுதச் சொல்வார்கள். விரித்த பெயரை ஒருவர் குடும்பப்பெயர்க் கட்டத்தில் போடுகிறார், இன்னொருவர் தம் பெயரோடு சேர்த்து ஒரே கட்டத்தில் போடுகிறார், மூன்றாமவர் விட்டே விடுகிறார். ஒரே தந்தைக்குப் பிறந்த மூன்று பிள்ளைகள் மூன்று விதமான பாஸ்போர்ட்டோடு என் முன் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தம்பதியை வழியனுப்பப் போயிருந்தேன். கணவரின் பாஸ்போர்ட்டில் அவர் பெயர் மட்டும். அவராகவே விண்ணப்பித்த விசாவில் பெயரோடு தந்தை பெயரும் இருந்தது. பயணப்பதிவு மேசையில் இருந்த பெண் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பேனா முனையால் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு பெயர் கூடுதலாக இருந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. ‘இவர் எங்கள் அப்பாதான், ரேஷன் கார்டைப் பாருங்கள்’ என்று அவர் கெஞ்சியும் பயனில்லை. மனைவியும் பயணத்தைக் கைவிட்டார். அந்த அம்மா பெட்டியைத் திறந்து, ஊறுகாய்ப் புட்டியைத் துணியில் மறுபடி சுற்றி வைத்ததை என்னால் மறக்க முடியவில்லை. அந்த மேசையில் இருந்தவர் செய்ததில் குற்றமில்லை. பொருந்தாத விசாவோடு ஏற்றிச்சென்றால், திருப்பி அழைத்துவரும் பொறுப்பு விமான நிறுவனத்துக்கே வரும்.

ஆகவே, கோவை நண்பரே, பாஸ்போர்ட்டில் இனிஷியல் இல்லையென்றால் விசாவிலும் இல்லை. ஒற்றைப் பெயருக்கு நிலையான தீர்வு வேண்டுமானால், பாஸ்போர்ட்டை மறுபடி எடுக்கும்போது பெயரையும் குடும்பப்பெயரையும் பிரித்துப் பதிவுசெய்யலாம். அதன்பின் பயணச்சீட்டு, விசா எல்லாம் புதிய பாஸ்போர்ட்டின்படியே அமையவேண்டும்.

சென்னை (மீண்டும்): அப்படியானால் பயணச்சீட்டில் இரண்டு பெயர் கட்டாயம் கேட்கிறார்களே?

நியாயமான கேள்வி. ஒவ்வொரு விமான நிறுவனமும் இதற்கு ஒவ்வொரு முறை வைத்திருக்கிறது. சிலர் ஒரே பெயரை இரு கட்டங்களிலும் இடச் சொல்வார்கள். பணம் கட்டுமுன் அவர்களிடமே கேட்டு, அந்தப் பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஈரோடு: ஹோய் அன் நகரில் விடுதி பதிந்திருக்கிறேன். படிவத்தின் மாகாணப் பட்டியலில் குவாங் நாம் இல்லையே?

2025 ஜூலை 1 அன்று வியட்நாம் தன் 63 மாகாண அலகுகளை 34 ஆகக் குறைத்தது. குவாங் நாம், டா நாங் நகரோடு இணைந்துவிட்டது. எனவே ஹோய் அன்னுக்கும், சாம் மன்னர்கள் எழுப்பிய சிவாலயங்கள் உள்ள மீ சோனுக்கும் டா நாங் என்றே தேர்ந்தெடுங்கள். விடுதியின் இணையப் பக்கத்தில் பழைய முகவரி இருக்கக்கூடும்.

புதுச்சேரி: ஹோ சி மின் நகரில் இறங்கி, நடுவில் அங்கோர் வாட் பார்த்துவிட்டு ஹனோய் வழியாகத் திரும்புகிறோம். 25 டாலர் விசா போதுமா?

போதாது. கம்போடியாவுக்குள் சென்றவுடனே ஒருமுறை நுழைவு விசா முடிந்துவிடும். 50 டாலர் விசா எடுங்கள். கம்போடியாவுக்குத் தனி விசா வேண்டும். விண்ணப்பத்தில் நுழைவிடமாக முதலில் இறங்கும் விமான நிலையத்தையே குறிப்பிடுங்கள். அதாவது தங்களுக்கு டான் சோன் நியட்.

திண்டுக்கல்: கோலாலம்பூர் வழியாக, தனித்தனிச் சீட்டில் போகிறேன். மலேசிய விசா வேண்டுமா?

தனித்தனிச் சீட்டென்றால் பெட்டியை எடுக்க மலேசியாவுக்குள் நுழைந்தே ஆகவேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு 30 நாள் விசா விலக்கு இருக்கிறது. 2026 இறுதிவரை அது நீட்டிக்கப்பட்டுள்ளது. ஆனாலும் வருகைக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் மின் வருகை அட்டையை நிரப்பவேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. கட்டணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல.

விழுப்புரம்: ஃபூ குவோக் தீவுக்கு விசா வேண்டாம் என்பது உண்மையா?

உண்மை, 30 நாள் வரை. வெளிநாட்டிலிருந்து நேரே அத்தீவில் இறங்கி, அங்கிருந்தே வெளிநாட்டுக்குத் திரும்புகிறவருக்குச் சிக்கல் இல்லை. அங்கிருந்து ஹோ சி மின் நகரை ஒருநாள் பார்த்துவருவோம் என்று நினைத்தால் விசா வேண்டும்.

சிங்கப்பூர்: எங்களுக்கும் இந்த விதிகள்தானா?

சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு 30 நாள் வரை தங்க விசா தேவையில்லை. தாங்கள் நிரந்தரவாசியாக, இந்தியப் பாஸ்போர்ட்டோடு இருந்தால் மேலே சொன்ன எல்லாம் பொருந்தும்.

யாழ்ப்பாணம்: இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு இ-விசா உண்டா?

உண்டு. முறையும் கட்டணமும் அதேதான்.

வேலூர்: இறங்கியதும் விசா எடுத்துக்கொள்ளலாமா?

சேலத்துக்கு எழுதிய முதல் பதிலைத் தயவுசெய்து படியுங்கள். இதே கேள்வி இன்று நான்காவது முறையாக வருகிறது.

காரைக்குடி: சைகோனில் செட்டியார் காலத்து மாரியம்மன் கோயிலுக்குப் போக வேண்டுதல். தனி அனுமதி வேண்டுமா?

வேண்டாம், அம்மா. சுற்றுலா என்று குறிப்பிட்டாலே போதும். சைகோன் என்பது ஹோ சி மின் நகரின் பழைய பெயர். கோயில் அந்நகரின் நடுவே, பென் தான் சந்தையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில்தான் இருக்கிறது.

ஓசூர்: சுற்றுலா விசாவில் போய் அங்கே ஆங்கிலம் கற்பிக்கலாமா?

கூடாது. வேலை அனுமதி பற்றி, வேலை தரும் நிறுவனத்திடமே கேட்கவேண்டும். அது என் துறையன்று.

கும்பகோணம்: விசா வந்துவிட்டது. ஆனால் பிறந்த தேதி 3 ஜூலை என்பதற்குப் பதில் 7 மார்ச் என்று இருக்கிறது. நான்தான் நாளையும் மாதத்தையும் மாற்றி எழுதிவிட்டேன். எல்லையில் சொல்லிப் புரியவைக்க முடியுமா?

அந்த நம்பிக்கையில் கிளம்பாதீர்கள். பயணத்துக்கு இன்னும் 16 நாள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இன்றே புதிதாக விண்ணப்பித்து, மறுபடியும் 25 டாலர் கட்டிவிடுங்கள். புதியது வந்ததும் இரண்டு பிரதி அச்செடுத்து, பழைய தாளைக் கிழித்துவிடுங்கள். அவசரத்தில் மேசையில் அதை நீட்டிவிட்டால் வீண் குழப்பம் வரும்.