அம்மா எங்கே விமானம் ஏறினார் என்று எழுதுவது?

தங்கச்சி, கொக்குவிலில் இருந்து வான் பிடித்துக் கொழும்பு விமான நிலையமான கட்டுநாயக்காவுக்கு வரும் உங்கள் அம்மா, சிங்கப்பூரில் விமானம் மாறிச் சிட்னியில் இறங்கவிருக்கிறார் என்றும், அவுஸ்திரேலியாவில் இறங்குவோர் நிரப்பும் பயணிகள் அட்டையில் 'எந்த நாட்டில் ஏறினீர்கள்' என்ற கேள்விக்கு எதை எழுதச் சொல்வது என்றும் கேட்டிருந்தீர்கள். சிங்கப்பூர் என்றே எழுதச் சொல்லுங்கள். அந்தக் கேள்வி பயணம் எங்கே தொடங்கியது என்று கேட்கவில்லை. சிட்னியில் வந்து இறங்கும் அந்த விமானத்தில் எங்கே ஏறினார் என்பதையே கேட்கிறது. விமான இலக்கமும் அவ்வாறே, கட்டுநாயக்காவில் தரும் இரண்டு போர்டிங் பாஸ்களில் இரண்டாவதில் உள்ளதுதான். வதிவிட நாடு என்ற இடத்தில் மட்டும் இலங்கை வரும், ஏனெனில் அவர் உங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பப் போகிறவர்.

சிங்கப்பூரில் குடிவரவைக் கடக்காமல் உள்ளேயே விமானம் மாறுபவருக்கு அந்நாட்டின் வருகை அட்டை தேவையில்லை. அங்குள்ள உறவினரைப் பார்க்க வெளியே வருவதானால், வருவதற்கு முந்திய மூன்று நாட்களுக்குள் அதை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதில் 'எம்பார்கேஷன்', அதாவது ஏறிய ஊர், என்று கேட்கும் இடத்தில் கொழும்பையும், அடுத்து 'டிஸெம்பார்கேஷன்', அதாவது இனி இறங்கப் போகும் ஊர், என்று கேட்கும் இடத்தில் சிட்னியையும் கொடுக்க வேண்டும்.

அட்டையை விட எனக்குக் கவலை தருவது போர்டிங் பாஸில் உள்ள நேரங்கள்தான். புறப்படும் நேரம் என்பது விமானம் நகரும் நேரம். பயணிகளை ஏற்றத் தொடங்குவது அதற்கு வெகு முன்னர், விமானத்துக்குப் போகும் வாசலான கேட்டை மூடுவதும் அதற்கு முன்னர். ஆகவே அம்மா மனதில் வைத்திருக்க வேண்டியது ஏறும் நேரத்தைத்தான். சாங்கி விமான நிலையத்தில் பல கேட்டுகளின் வாசலிலேயே பாதுகாப்புச் சோதனை நடப்பதால், அந்த நேரத்துக்கும் முந்தியே போய் இருப்பது நல்லது. இன்னொன்றையும் அவசியம் சொல்லி அனுப்புங்கள்: பாஸில் அச்சிட்டிருப்பது அந்தந்த ஊர் நேரம், சிங்கப்பூரோ இலங்கையை விட இரண்டரை மணித்தியாலம் முந்தியது. கையில் கட்டிய மணிக்கூட்டை மாற்றாமல், இன்னும் நேரம் கிடக்கிறது என்று இருந்துவிடுகிற வயோதிபர்களை நினைத்தால் உண்மையாகவே மனம் பதறுகிறது. தனியாக வருகிறவர் என்பதால், பயணச்சீட்டு எடுத்த இடத்திலேயே சக்கர நாற்காலி உதவியைக் கேட்டுப் பதிந்துவிடுங்கள். அப்போது கேட் வரை கொண்டுபோய் விடுவார்கள்.

இரண்டாவது விமான இலக்கம், உங்கள் சிட்னி முகவரி, தொலைபேசி இலக்கம், எத்தனை நாள் தங்குவார் என்பவற்றை ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, இப்போதே அம்மாவுக்கு அனுப்பிக் கடவுச்சீட்டுக்குள் வைக்கச் சொல்லுங்கள். விமானத்தில் பக்கத்தில் இருப்பவர் அவுஸ்திரேலிய அட்டையை நிரப்பிக் கொடுக்கலாம், ஆனால் கையொப்பத்தை அம்மாவே இட வேண்டும். அதற்கு முன் ஒவ்வொரு கேள்வியையும், விசேடமாக உணவுப் பொருட்கள் பற்றியதை, தமிழில் கேட்டு விளங்கிக்கொள்ளட்டும்.